தெளிந்த நீர் தூய நீராகுமா?

மலைகளுக்கிடையே மயிற்கழுத்தின் நிறத்தோடு கிடக்கும் பனியேரியின் வண்ணப்படம் தொங்காத பள்ளிச் சுவர் இந்நாளில் அரிது. அதனைக் காணும் மாணாக்கர் இரு வினாக்களை எழுப்புவர். ஒரு சாரார், “இஃது அந்நீரின் உண்மை நிறமா, படம் பிடித்தவர் பின்னர்த் தீட்டிய நிறமா?” என்பர். மற்றொரு சாரார், “இத்தகைய தூய நீர் நம் நாட்டில் ஏன் இல்லை?” என்று ஏங்குவர். முதல் வினாவுக்கு விடை எளிது. இயற்கை நூல் வல்லார் அதனை விளங்கக் கூறியுள்ளனர். இரண்டாவது வினாவினுள்ளே ஒரு பிழையான கொள்கை ஒளிந்து கிடக்கிறது. நிறம் அழகிதாயின் நீர் தூயது, தெளிந்ததாயின் நன்று, கலங்கியதாயின் தீது என்பதே அக்கொள்கை. எலுவன்குளத்தைச் சூழ்ந்து வாழும் நமக்கு இன்று அது வெறும் அழகுணர்ச்சி பற்றிய செய்தியாக நிற்கவில்லை. குடிநீர் பற்றிய செய்தியாகிவிட்டது. ஆதலின் அதனைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறேன்.

முதலிற் பனியேரிக்கு வருவோம். ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2025 ஆம் ஆண்டினைப் பனியாறுகளைப் பேணுதற்குரிய அனைத்துலக ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு முதல் மார்ச் 21 ஆம் நாளும் அவற்றுக்குரிய உலக நாளாகக் கொள்ளப்பட்டது. அறிவிப்பு வந்தமையால் நம் பத்திரிகைகளிலும் பனியேரிப் படங்கள் பல வந்தன. படங்களின்கீழ் அழகு பேசப்பட்டதேயன்றி அந்நிறத்தின் காரணம் மிகுதியும் பேசப்படவில்லை. காரணம் அறிந்தாலன்றி அந்த ஆண்டின் கவலை இன்னதென்பதும் விளங்காது.

குடத்து நீருக்கு நிறமில்லை என்கிறோம். உண்மையில் நீருக்கு மெல்லிய நீலநிறம் இயல்பாகவே உண்டு. ஒளியிலுள்ள செந்நிறக் கூற்றினை நீர் உண்டுவிடும், எஞ்சியது நீலம். ஒரு குடத்தின் ஆழத்தில் அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது, ஆழ்கடலிற் புலனாகும். இது பொது இயல்பு. பனியேரிக்கு இதன்மேல் ஒரு சிறப்பியல்பு சேர்கிறது. பனியாறு என்பது உறைந்து கிடக்கும் வாளாப் பொருளன்று. தன் பாரத்தால் மலைச்சரிவில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேயிருப்பது. இறங்கும்போது தன் அடியிற் கவ்விய கற்களைக் கீழுள்ள பாறையின்மேல் வைத்து அரைக்கிறது. நம் வீட்டுத் திரிகையின் மேற்கல்லும் கீழ்க்கல்லும் உழுந்தை உடைப்பதுபோல, மலையளவான ஒரு திரிகை பல்லாயிரம் ஆண்டு சுழன்றாற் போன்றது அது. அதனின்று உதிரும் துகளைப் புவியியலார் பாறைமாவு என்பர். துகள் ஒன்றன் அளவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கேயாம். ஆதலின் ஏரியிற் சேர்ந்தபின் உடனே படியாது. வாரக்கணக்கில் மிதந்து நிற்கும். பரல்கள் அருவி விழும் முகத்திலேயே படிந்துவிட, நுண்மா மட்டும் ஏரியின் நடுவிற்குப் போய்ப் பரவும். செந்நிறக் கூற்றை நீர் உண்ண, நீலமும் பச்சையுமான கூற்றினை இம்மா நாற்புறமும் சிதறி நம் கண்ணுக்கு அனுப்ப, விளைவது அந்த மயிற்கழுத்து நிறம்.

இதில் வியப்பு யாதெனின், அம்மாவுக்குத் தனியே அந்நிறம் இல்லை என்பதே. ஏரி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு பார்த்தால் அரிசி களைந்த கழுநீர்போல வெளிறித் தோன்றும். நிறம் கல்லில் இல்லை. தனித்த நீரிலும் அவ்வளவு இல்லை. கல்லும் நீரும் ஒளியும் கூடிய கூட்டத்தில் இருக்கிறது. கனடா நாட்டின் அல்பேட்டா மாகாணத்தில் 1,880 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்திலுள்ள மொறெயின் ஏரி இவ்வகையிற் புகழ்பெற்றது. அந்நாட்டின் இருபது டொலர்த் தாளில், 1969 இலும் 1979 இலும் வந்த தொடர்களில், அதன் காட்சி அச்சாயிற்று. அவ்வேரி ஆண்டு முழுதும் அந்நிறத்தோடிருப்பதுமில்லை. மாரியில் உறைந்து கிடந்து, வேனில் முதிர்ந்து பனியுருகி மாவு வந்து சேர்ந்த பின்னரே நிறம் முற்றும்.

எனவே, நாம் எதனைத் தூய்மையென்று மயங்கினோமோ அது கலக்கம். மிக நுண்ணிய, மிக அழகிய கலக்கம், ஆயினும் கலக்கமே. அவ்வேரி தெளியுமாயின் யாது நிகழ்ந்ததென்று பொருள்? மேலே இருந்த பனியாறு தேய்ந்து பின்வாங்கிவிட்டது, அல்லது அற்றே போய்விட்டது என்று பொருள். திரிகை நின்றால் மாவு ஏது? மாவு வராதொழிய ஏரி தெளியும், ஒளி ஆழத்துக்கு இறங்கும், பாசி வளரும், மயிற்கழுத்து நிறம் மங்கிக் கரும்பச்சையாகவோ ஆழ்நீலமாகவோ மாறும். அதனைக் காணும் வழிப்போக்கன், “நீர் எவ்வளவு தெளிவு!” என்று மகிழ்ந்து செல்வான். ஆயிரமாயிரம் ஆண்டு அம்மலையிற் கிடந்த பனியின் இறப்புச் செய்தி அவன் கண்முன் எழுதிக் கிடப்பதை அவன் அறியான்.

பனியாறு தேய்வதனால் நிறம் மட்டும் மாறி ஒழிந்தால் கவலை சிறிதே. தேயும் பனியின் நீர், அது முன்னர்த் தள்ளிவைத்த கல்லும் மண்ணுமாகிய வரம்பின் பின்னே தேங்கி ஏரியை வளர்க்கும். சிக்கிம் மாநிலத்தின் வடக்கே ஏறத்தாழ 5,200 மீற்றர் உயரத்திலுள்ள தென் லோனாக் ஏரி இவ்வாறு வளர்ந்தது. அது உடையக்கூடும் என ஆய்வாளர் பல ஆண்டுகள் முன்னரே எச்சரித்தனர். 2016 ஆம் ஆண்டில் குழாய்கள் இட்டு நீரை வடிக்க முயன்றதும் உண்டு. 2023 செப்தெம்பர் இறுதியில் 167 ஹெக்டேயர் பரந்திருந்த ஏரி, ஒக்டோபர் 4 ஆம் நாள் எடுத்த செய்மதிப் படத்தில் 60 ஹெக்டேயராகச் சுருங்கியிருந்தது. இடையிட்ட ஓரிரவில் அந்நீர் தீஸ்தா ஆற்றில் இறங்கி, சுங்தாங்கிலிருந்த பெரிய நீர்மின் அணையை அடித்துச் சென்று, பலருடைய உயிரையும் கொண்டுபோயிற்று. எச்சரிக்கை இருந்தது; எழுத்தில் இருந்தது; அச்சிலும் இருந்தது. அதனை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டி, நம் ஊர்ப்பக்கம் திரும்புகிறேன்.

எலுவன்குளத்திற் பனியும் இல்லை. சொல்லத்தக்க மலையும் இல்லை. புத்தளத்திலிருந்து வடக்கே செல்லும் பழைய மன்னார் வீதியிற் கலா ஓயாவைச் சார்ந்து, வில்பத்துக் காட்டின் தென்வாயிலாக அமைந்த சிற்றூர் இது. ஆயினும், நீரின் நிறத்தை நிலம் எழுதுகிறது என்னும் விதி மொறெயின் ஏரிக்கு ஒன்றும் நமக்கு ஒன்றுமாக வேறுபடவில்லை. தமிழ்ப் புலவர்க்கு இது புதிதுமன்று. செம்மண் நிலத்திற் பெய்த மழைநீர் அம்மண்ணின் நிறத்தோடு பிரிவறக் கலப்பதனைக் காதலர் நெஞ்சக் கலப்புக்கு உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் ஒருவர், தம் இயற்பெயர் மறைந்து, செம்புலப்பெயனீரார் என அவ்வுவமையாலேயே வழங்கப்படுகிறார். வள்ளுவரும் சிற்றினஞ்சேராமையிலே, சேர்ந்த நிலத்தால் நீரின் குணம் வேறுபடுதலை எடுத்துக்காட்டினார். அவர் நிறத்தைக் கூறாது குணத்தைக் கூறினமை ஈண்டுக் கருதத்தக்கது. நிறம் கண்ணுக்குத் தெரியும்; குணம் தெரிவதில்லை.

நம் பகுதியின் செம்மண்ணைக் காணாதவர்க்கு அதன் செம்மையைச் சொல்லால் உணர்த்துதல் அரிது. குதிரைமலை முனையிற் கடற்கரையே செம்புத்தகடு போலக் கிடக்கும். விசயனின் தோழர் கரையிறங்கிக் களைத்துக் கையூன்றியிருந்தபோது மண்பட்டுக் கைகள் செம்புநிறமாயினவென்றும், அதனால் அவ்விடம் தம்பபண்ணி எனப்பட்டதென்றும் மகாவமிசம் கூறும். அவ்விடம் குதிரைமலையே என்பார் உளர்; வேறிடம் காட்டுவாரும் உளர். வழக்கு எவ்வாறாயினும், கதை கட்டியவர் இம்மேலைக்கரை மண்ணைக் கண்ணாரக் கண்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அச்செம்மைக்குக் காரணம் இரும்பு. மணற்பரல் தன்னளவில் வெள்ளையே. அதன் மேனியில் இரும்புத்துரு மெல்லிய போர்வையாகப் படர்ந்திருக்கிறது. நீர் நெடுநாள் தேங்கிக் காற்றுப்படாத இடத்தில் அவ்விரும்பு கரைந்து நீங்க, மணல் மீண்டும் வெளுக்கும்.

பொன்பரப்பி என்னும் இடப்பெயரும் நம்முடையதே. அங்கே 1970 ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னரும் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகள் பொருநைக்கரை ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்புநோக்கப்படுவன. அவற்றோடு கிடைத்த கறுப்புச் சிவப்புக் கலங்களின் இரு நிறமும் ஒரே இரும்பின் செயல். சூளையிற் காற்றுப்பட்ட பக்கம் சிவந்தது. படாத பக்கம் கறுத்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னிருந்த குயவன் அறிந்து கையாண்ட அதே வேறுபாட்டினை இன்றும் கிணற்றடியிற் காணலாம். இரும்பு மிகுந்த மண்ணில் தோண்டிய கிணற்று நீர் வாளியில் வரும்போது பளிங்கு போல வரும்; பானையில் ஊற்றிவைத்தாற் காற்றுப்பட்டு, பொழுது சாய்வதற்குள் துருநிறங்கொண்டு அடியிற் படியும். வாளியிலிருந்தபோதும் அவ்விரும்பு அந்நீரில் இருக்கத்தான் இருந்தது. கண்தான் காணவில்லை.

இனி வில்லு. இச்சொல் ஏட்டிலன்றி மன்னார், புத்தளம் பகுதி மக்களின் நாவிலே வாழ்வது. வெட்டாமற் கட்டாமல் இயற்கையாக அமைந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கிய ஏரியே வில்லு. அண்மையிலுள்ள வண்ணாத்திவில்லு என்னும் பெயரில் அது தெளிவாக நிற்கிறது. வில்பத்து என்னும் பெயரும் அதனடியாகப் பிறந்ததென்பர். 1938 ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட அக்காட்டின் ஈரநிலத் தொகுதி, 2013 ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் இடம்பெற்றது. வில்லின் நீர்நிறம் ஆண்டில் நாலைந்து முறை மாறும். ஐப்பசி மழையில் ஓடிவந்த மண்ணோடு செங்கலங்கலாக நிரம்பும். தையிலே தெளிந்து வானத்தை ஏற்கும். பங்குனிக்குப் பின் பாசியாற் பசுமை மிகும். ஆடி, ஆவணியில் நீர் சுருங்கிச் சேறாகி, வெண்மணற் கரையும் வெடித்த நிலமும் எஞ்சும். கடலினின்று விலகி உள்நாட்டிலிருந்தும் சில வில்லுகளின் நீர் உவர்க்கும். அதனைக் காட்டு விலங்கு நன்கறியும். நாவால் அறிவதனை அது கண்ணால் அறிய முயல்வதில்லை.

கலா ஓயாவின் முகத்துவாரத்திலோ நீர் தேயிலைச் சாயம்போலத் தோன்றும். கண்டல் மரங்களின் உதிர்ந்த இலையும் பட்டையும் ஊறிய துவர்ச்சாயம் அது. அதனைக் கண்டு முகஞ்சுளிப்பவர், அச்சாய நீரே இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டிலென்பதை மீனவரிடம் கேட்டறிக. இன்னும் தெற்கே, களப்பையடுத்த உப்பளங்களில் உவர் முற்றிய பாத்திகள் இளஞ்சிவப்பாகும். மற்றெவ்வுயிரும் வாழாத அக்கடும் உவரிலே வாழும் நுண்ணுயிர்கள் தம் மேனியிற் கொண்ட நிறமது. கலக்கம் கலக்கமாகவே கெடுதியாகாது என்பதற்கு இவ்வளவு சான்று போதும்.

இதற்கு மறுதலையான செய்தியே மிக வேண்டுவது. நம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் கிடக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கோடி ஆண்டுக்கு முன், புவியியலார் மயோசீன் என்று வழங்கும் ஊழியில், இந்நிலம் ஆழங்குறைந்த கடலாயிருந்தது. சிப்பியும் பவளமும் மாண்டு படிந்த படிவே பின்னர்க் கல்லாயிற்று. அருவக்காட்டுக் கற்குழிகளில் ஆமை, சுறா, கடற்பசு முதலியவற்றின் உறுப்புகள் கல்லாய்ச் சமைந்து கிடைத்திருக்கின்றன. நம் மீனவர் ஆவுளியா என்று வழங்கும் அக்கடற்பசுவின் இனம் இன்றும் மன்னார்க் கடலில் அருகி வாழ்கிறது. இச்சுண்ணக்கல்லின் படுகை வடக்கே யாழ்ப்பாணம் வரை தொடர்வது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் என்றே நூல்களில் அதற்குப் பெயர். இக்கல்லை வெட்டிப் புகைவண்டியிற் பாலாவிக்குக் கொண்டுசென்று சீமெந்து செய்யும் தொழில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கே நடந்துவந்தது. நாட்டின் வீடுகள் பல நம் ஊர்க் கல்லால் எழுந்தன. வெட்டிய இடத்தில் எஞ்சியவை பள்ளங்கள்.

சுண்ணக்கல் மற்றைக் கல் போன்றதன்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கவர்ந்து மெல்லிய புளிப்பைப் பெறும். அப்புளிப்பு சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். மயிரிழை வெடிப்பு விரலளவாகும், விரலளவு குகையாகும். மணல்நிலத்தில் இறங்கும் நீர் பரல்களினூடே வடிகட்டப்பட்டு மெல்லச் செல்ல, சுண்ணக்கல்லில் இறங்கும் நீரோ வாய்க்காலில் ஓடுவதுபோல ஓடும். புத்தூரின் நிலாவரைக் கிணற்றை அடியில்லாக் கிணறென்று மக்கள் கூறினர்; மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக அது நிற்பதற்குக் காரணம், கல்லின் குடைவுகளினூடே நிலநீரும் கடல்நீரும் உறவு கொண்டிருப்பதே. கீரிமலையிற் கடலோரத்தே நன்னீர் ஊறுவதும் இவ்வகையினதே. இவ்வாறு ஓடும் நீர் மிகத் தெளிவாயிருக்கும். அத்தெளிவை நம்பியே யாழ்ப்பாணத்தார் கிணறு தோண்டினர், நாமும் தோண்டினோம்.

தெளிவும் தூய்மையும் தமிழில் இரு வேறு சொற்கள். நம் முன்னோர் கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறத்திலே தேய்த்தனர். தேற்றுவது, அதாவது தெளிவிப்பது, ஆதலின் அதற்கு அப்பெயர். கலக்கம் அடியிற் படியும், நீர் தெளியும். ஆனால், உவர்நீரில் அக்கொட்டையை எவ்வளவு தேய்ப்பினும் உவர் நீங்காது. இதனை அறிந்திருந்தமையால் உவர்க்கிணற்றருகே தேற்றா மரத்தை எவரும் தேடவில்லை.

இக்கல்லுக்கு வந்துற்ற கேட்டினையும் நாம் அறிவோம். சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கி, சுற்றுப்புறத்துக் கிணறுகளிற் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2019 ஏப்பிரல் 4 ஆம் நாள் தீர்ப்பாயிற்று. மின் உற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டது. பணம் வந்தாலும் நிலத்தடிநீர் பழையபடி மீளுமா? எண்ணெய்க்கேனும் மணமுண்டு, மினுக்கமுண்டு. அதனினும் கொடியது நைத்திரேற்று. வயலுக்கு இட்ட உரத்திலிருந்தும் மலசல கூடத்துக் குழிகளிலிருந்தும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கும் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் அவ்வரையறை மீறப்பட்டமையை ஆய்வுகள் காட்டின. அது மிக்க நீரிற் கரைத்த பாலை உண்ணும் பச்சிளங்குழந்தையின் குருதி உயிர்வளியைத் தாங்கமாட்டாது. உதடும் விரலும் நீலம்பாரிக்கும். நீரில் தோன்றாத நிறம் குழந்தையின் மேனியில் தோன்றும்.

இவ்வளவும் கூறியது அருவக்காட்டுக் குப்பைத் திட்டத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு இதுவே என்பதற்காக. 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், புத்தாண்டன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து 32 உயிர்கள் மாண்டன. தலைநகரின் குப்பைக்கு இடம் வேண்டும் என்ற நெருக்கடி அதனால் முற்றியது. நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் புகைவண்டியிற் கொணர்ந்து, கல் வெட்டியெடுத்த அருவக்காட்டுப் பள்ளங்களில் நிரப்புவதே திட்டம். புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் எதிர்த்து நின்றனர். ஆயினும் 2019 ஓகஸ்ட் மாதத்திற் கொழும்புக் குப்பை வந்திறங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அவ்விடத்தில் ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது.

திட்டம் வகுத்தோர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆகாது. மீதொட்டமுல்லையிற் போலக் குப்பையை வெறுந்தரையிற் கொட்ட அவர் எண்ணவில்லை. அடியில் நீர் புகாத விரிப்பு, மேலே மண்மூடல், ஊறிவரும் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு என்பவற்றோடு கூடிய பொறியியல் வேலை என்று அவர் கூறினர். வெட்டிய பள்ளத்தைப் பயன்படுத்துவது புதுநிலம் கெடுப்பதினும் நன்று என்றும் கூறினர். களிமண் நிலத்தில் இவ்வாதம் வலிமையுடையதாகலாம். சுண்ணக்கல்லில் அது போதாது. விரிப்பு மனிதர் செய்தது. அதற்கு ஆயுள் உண்டு. அடியிலுள்ள கல்லோ கரைவதையே இயல்பாகக் கொண்டது. குப்பையினின்று ஊறும் நீர் புளிப்புடையது. சுண்ணக்கல்லைக் கரைப்பதில் மழைநீரினும் வலியது. ஒருமுறை விரிப்புக் கிழியுமாயின், களிமண்ணில் அடிக்கணக்கில் நகரும் கேடு சுண்ணக்கல்லில் எவ்வளவு தொலைவு ஓடும் என்பதற்குச் சுன்னாகம் சான்றாக நிற்கிறது. ஒருபுறம் கண்டற்காடும் களப்பும், மறுபுறம் நம் கிணறுகள், வடக்கே வில்லுகள். இவ்வமைப்பில் இப்பள்ளம் குப்பைக்குரிய இடமன்று என்பதே என் துணிபு.

ஊர்க்கூட்டங்களிற் பேசப்பட்ட மறுப்புகள் சிலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. “கொழும்பான் குப்பை நமக்கேன்” என்பதும், நாற்றம், ஈ, காகம் என்பனவுமே அங்கே முன்னிற்கும். நாற்றத்தை மருந்தடித்து அடக்கலாம். ஈயை மண்மூடி ஒழிக்கலாம். அவ்வாறு செய்து காட்டிவிட்டால் நம் வாய் அடைபடும். கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாவதை மட்டும் நாம் முறையிட்டால், புலனாவதை மட்டும் நீக்கி விடை கூறுவர். கொழும்பிலும் அழுகும் குப்பையையும் அழுகாக் குப்பையையும் வீட்டு வாயிலிலேயே பிரித்தால் புகைவண்டி ஏறவேண்டிய பாரம் பெரிதும் குறையும். அது கொழும்பார் செய்யவேண்டிய வேலை. நாம் செய்யவேண்டியது வேறொன்று உண்டு.

அஃதாவது கணக்கு வைத்தல். தென் லோனாக் ஏரி எவ்வளவு பரந்திருந்தது, எவ்வளவு சுருங்கியது என்று செய்மதி ஹெக்டேயர்க் கணக்கிற் கூறியது. அளவு இருந்தமையால் நிகழ்ந்தது மறைக்கப்படவில்லை. அருவக்காட்டைச் சூழ்ந்த கிணறுகளுக்கும் அவ்வாறான அளவு, ஊரார் கையிலேயே, வேண்டும். இன்று கிணற்றில் நைத்திரேற்று எவ்வளவு, ஈயம் எவ்வளவு, உவர் எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலன்றி, பத்தாண்டு கழித்துக் கேடு வந்ததென்று நாம் முறையிடும்போது, “அது முன்னரே அவ்வாறுதான் இருந்தது” என்று ஒருவர் கூற, நாம் விழித்து நிற்க நேரும். நீதிமன்றத்தில் தெளிந்த நீர் சான்றாகாது. தேதியிட்ட தாளே சான்றாகும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை, நீர்மட்டம் உயர்ந்த மார்கழியிலும் தாழ்ந்த ஆவணியிலும், எலுவன்குளத்திலும் வண்ணாத்திவில்லுப் பக்கத்திலும் குறித்த சில கிணறுகளினின்று நீரெடுத்து, அரச ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவினைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிரதேச சபைப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். உயர்வகுப்பில் வேதியியல் பயிலும் மாணாக்கர் நைத்திரேற்றுச் சோதனையைச் சிறு கருவி கொண்டு தாமே செய்யலாம். பள்ளிக்கொரு பதிவேடு இருக்கட்டும். நிறத்தை எழுதுவதற்கு அதில் ஒரு பத்தி விடுவதிலும் தடையில்லை; “தெளிவு” என்று எழுதி, அடுத்த பத்தியை எண்ணுக்கு ஒழித்து வைக்கட்டும்.

இம்முறை வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் முதற்பதிவைத் தொடங்கலாம். கிணற்றடிக்குச் செல்ல வழி சேறாயிருக்குமாதலின் மிதியடியைக் கையில் எடுத்துக்கொள்க.